புள்ளியும் உகரமும் காணாமல் போன உறுப்பினர் பட்டியல்: ஒரு நூலகத் தரவுத்தள மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் நூலகம் அது. உறுப்பினர் பட்டியல், புத்தகப் பட்டியல், இரவல் கணக்கு மூன்றையும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய மென்பொருள் கவனித்துவந்தது. தரவு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு நூலகரும் பகுதிநேரமாக வந்துபோகும் ஒரு நிரலாளரும்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

மென்பொருள் முழுக்க ‘மைஎஸ்கியூஎல்_கனெக்ட்’, ‘மைஎஸ்கியூஎல்_குவெரி’ வகைப் பழைய ஃபங்ஷன்களால் (தரவுத்தளத்தோடு பேசும் கட்டளைகள்) ஆனது. அவற்றை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013இல் வந்த பிஎச்பி 5.5 எச்சரித்தது. 2015 டிசம்பரில் வந்த 7.0இல் அவை அடியோடு நீக்கப்பட்டன. பழைய சர்வரை மூடப்போவதாக வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் சொன்னபின் வேறு வழியில்லை. பிஎச்பி 8.1, மைஎஸ்கியூஎல் 8.0 உள்ள புதிய சர்வருக்கு மாறுவது, பழைய ஃபங்ஷன்களை எடுத்துவிட்டு பிடிஓ (தரவுத்தளத்தோடு பேசும் பிஎச்பியின் புதிய வழி) போடுவது என்று முடிவானது.

அப்போது யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பழைய டேபிள்கள் எல்லாம் ‘லத்தீன்1’ கேரக்டர் செட்டில் (எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிப்பது என்ற அட்டவணை; இது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) உருவாக்கப்பட்டிருந்தன. பக்கங்கள் தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8இல் இருந்தன. தரவுத்தள இணைப்பில் எந்தக் கேரக்டர் செட்டும் சொல்லப்படவில்லை, ஆகவே இணைப்பும் லத்தீன்1. உலாவி அனுப்பிய யூடிஎஃப்-8 பைட்டுகளை சர்வர் ‘இவை லத்தீன் எழுத்துகள்’ என்று நம்பி அப்படியே வைத்துக்கொண்டது. கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. போகும்போதும் வரும்போதும் ஒரே தவறு நடந்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உண்மை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. தரவுத்தளத்தை உலாவியில் நேரடியாகக் காட்டும் பிஎச்பி மைஅட்மினில் திறந்தால் எல்லாப் பெயர்களும் குப்பை எழுத்தாகத் தெரியும். அது தன் இணைப்பை யூடிஎஃப்-8இல் திறப்பதால் வரும் விளைவு அது. ‘அந்தக் கருவிக்குத் தமிழ் வராது’ என்று எல்லோரும் கடந்துபோனார்கள். தரவு தவறாகக் கிடக்கிறது என்பதற்குப் பல ஆண்டுகளாக இருந்த ஒரே சாட்சி அதுதான்.

முதல் நாள்: மாற்றம்

சனிக்கிழமை நூலகம் மூடியபின் பழைய சர்வரிலிருந்து டம்ப் (தரவு முழுவதன் நகல் கோப்பு) எடுத்துப் புதியதில் ஏற்றினார்கள். டம்ப் கோப்பை எடிட்டரில் திறந்தால் அங்கேயும் குப்பை எழுத்து. ஆனால் ஏற்றும்போது எதிர்த்திசையில் அதே மாற்றம் நடப்பதால் டேபிளுக்குள் பைட்டுகள் பழையபடியே போய்ச் சேர்ந்தன. இந்தக் கட்டம்வரை எந்தத் தரவும் கெடவில்லை.

டம்ப்பை ஏற்றும்போது ஒரு பிழை வந்தது. உறுப்பினர் டேபிளில் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ‘0000-00-00’ என்று போட்டிருந்தது, மைஎஸ்கியூஎல் 8.0 அதை ஏற்கவில்லை. நிரலாளர் சர்வர் அமைப்பில் எஸ்கியூஎல் மோடை (தரவை எவ்வளவு கண்டிப்பாகச் சோதிப்பது என்ற அமைப்பு) காலியாக்கினார். பிழை மறைந்தது. ஆனால் அந்த ஒரு வரியால் தேதிச் சோதனையோடு, தவறான மதிப்பைப் பிழையாக்கித் தடுக்கும் ஸ்டிரிக்ட் மோடும் சேர்ந்து போனது. அடுத்த வாரம் நடந்த இழப்புக்கு வாசல் திறந்தது இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு.

புதிய பிடிஓ இணைப்புச் சரத்தில் சார்செட் (கேரக்டர் செட்) ‘யூடிஎஃப்8எம்பி4’, அதாவது மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎஃப்-8, என்று எழுதப்பட்டது. இது சரியான செயல். தரவு தவறாக இருந்ததால் இந்தச் சரியான செயல் திரையைக் கெடுத்தது: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்று, அடுத்து வட்டத்துக்குள் எழுத்துள்ள வணிகக் குறி அல்லது மேல்கோடு, அடுத்து ஏதோ ஒன்று என மூன்று மூன்றாக எல்லாப் பெயர்களும் மாறின.

இந்த உருவத்தைப் பார்த்தவுடன் காரணம் புரிந்திருக்க வேண்டும். தமிழ் யூனிகோடு எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘த’ என்பது 224, 174, 164. புள்ளி 224, 175, 141. இவற்றை லத்தீன் எழுத்தாகப் படித்தால் அதே சாய்கோட்டு எழுத்துதான் மூன்றுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். அது தெரிந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம், நான்காம் நாள்: கேள்விக்குறிகள்

திங்களன்று நூலகர் புதிய உறுப்பினர்களைச் சேர்த்தார். சேமித்த மறுகணம் பெயர் ‘?????’ ஆனது. இது முன்னதைப் போன்ற நோய் அல்ல. இப்போது இணைப்பு யூடிஎஃப்8எம்பி4, புலம் (டேபிளின் நெடுவரிசை) லத்தீன்1. சர்வர் தமிழை லத்தீனாக மாற்றப் பார்க்கிறது, அங்கே தமிழுக்கு இடமில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போடுகிறது. மூலப் பைட்டுகள் அந்த நொடியோடு போய்விட்டன. ஸ்டிரிக்ட் மோடு இருந்திருந்தால் 1366ஆம் எண் பிழையோடு பதிவு நின்றிருக்கும், பிடிஓ அதை எக்ஸெப்ஷனாக எறிந்திருக்கும், நூலகர் அங்கேயே நிறுத்தியிருப்பார். மோடு காலியானதால் வெறும் எச்சரிக்கையோடு சேமிப்பு முடிந்தது. எச்சரிக்கைகளை மென்பொருள் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

நான்காம் நாள் மாலை நிரலாளர், உறுப்பினர் டேபிளில் ‘ஆல்டர் டேபிள் … கன்வர்ட் டு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4’ கட்டளையை ஓட்டினார். தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு அதுதான். புலம் உண்மையிலேயே லத்தீன் எழுத்துகளைக் கொண்டிருந்தால் அது சரி. இங்கே சர்வர், குப்பை எழுத்து ஒவ்வொன்றையும் நிஜமான லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொண்டு யூடிஎஃப்-8ஆக மீண்டும் குறியாக்கியது. தரவு இரண்டு முறை குறியாக்கப்பட்டது. ஆல்டர் கட்டளை தானே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அதன்பின் புதிதாகச் சேர்த்த பெயர்கள் சரியாகவே விழுந்தன, பழையவை குப்பையாகவே நின்றன. ‘பாதி சரியாகிவிட்டது’ என்று தோன்றியது. உண்மையில் ஒரே டேபிளில் மூன்று வகைப் பதிவுகள் கலந்துபோய், நிலைமை மேலும் சிக்கலாகிவிட்டது. புத்தக டேபிள் மட்டும் தொடப்படாமல் லத்தீன்1ஆகவே தப்பியது.

ஆறாம் நாள்: பைதான் ஸ்கிரிப்ட்

அடுத்து பைதான் மொழியில், மைஎஸ்கியூஎல்லோடு இணைக்கும் பைமைஎஸ்கியூஎல் நிரல் தொகுப்பு கொண்டு ஒரு திருத்த ஸ்கிரிப்ட். எண்ணம் சரியானது: குப்பை எழுத்தை சிபி1252 முறையில் பைட்டுகளாக்கு, வந்த பைட்டுகளை யூடிஎஃப்-8ஆகப் படி. ஓட்டியதும் முதல் சில பெயர்களிலேயே குறியாக்கப் பிழை வந்து நின்றது. லத்தீன்-1 என்று மாற்றிப் பார்த்தார், வேறு பெயர்களில் நின்றது. கடைசியில் ‘பிழையைப் புறக்கணி’ என்ற விருப்பத்தைப் போட்டு முழுதாக ஓட்டினார்.

இந்தப் பிழை தமிழுக்கு எப்போதும் வரும் என்பதால் காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல் ‘லத்தீன்1’ என்று சொல்வது உண்மையில் விண்டோஸின் சிபி1252 தொகுதி. அந்தத் தொகுதியில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. மைஎஸ்கியூஎல் அந்த ஐந்தையும் அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்து நிரப்பிக்கொள்கிறது, எதுவும் தொலைவதில்லை. பைதானின் சிபி1252 நிரப்புவதில்லை, பிழை எறிகிறது. தமிழில் 129 உகரக் குறியின் கடைசி பைட். 141 புள்ளியின் கடைசி பைட். 143 ‘ஏ’, 144 ‘ஐ’. புள்ளியும் உகரமும் இல்லாமல் எத்தனை தமிழ்ப் பெயர்கள் இருக்கும்? லத்தீன்-1 முறையிலோ க, ங, ச, ஞ, ட போன்றவை நிற்கும். ஏனெனில் அவற்றின் கடைசி பைட்டுகளுக்கு சிபி1252இல் உள்ள எழுத்துகள் பைதானின் லத்தீன்-1இல் இல்லை.

பிழையைப் புறக்கணித்தபோது புள்ளியும் உகரமும் சத்தமில்லாமல் உதிர்ந்தன. ‘முருகன்’ என்ற பெயர் ‘மரகன’ ஆனது.

ஸ்கிரிப்ட் ‘இத்தனை பதிவுகள் மாற்றப்பட்டன’ என்று அச்சிட்டு முடிந்தது. ஆனால் டேபிளைப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. பைமைஎஸ்கியூஎல்லில் தானியங்கி கமிட் இயல்பாக அணைந்திருக்கும். ஸ்கிரிப்டில் கமிட் வரி இல்லை, இணைப்பு மூடியதும் சர்வர் எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. காரணம் தேடி அச்சான பட்டியலை வாசித்தபோதுதான் ‘மரகன’ கண்ணில் பட்டது. உறுப்பினர் டேபிள் இன்னோடிபி எஞ்சினில் (டேபிளைச் சேமிக்கும் உள்முறை) இருந்ததால் இந்தத் தப்பித்தல் நடந்தது. புத்தக டேபிள் பழைய மைஐசாம் எஞ்சினில் இருந்தது. அதற்கு ரோல்பேக், அதாவது மாற்றங்களைத் திருப்பும் வசதி, கிடையாது. ஸ்கிரிப்ட் அதைத் தொட்டிருந்தால் அத்தனை தலைப்புகளும் நிரந்தரமாகச் சிதைந்திருக்கும்.

இன்னொன்றும் அன்று நடந்தது. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது நூலகர் ஒரு முகவரியைத் திருத்தப் பார்த்தார். திரை உறைந்து, 50 நொடிக்குப் பின் 1205ஆம் எண் பிழை வந்தது. கமிட் ஆகாத பரிவர்த்தனை பதிவுகளைப் பூட்டி வைத்திருந்ததன் விளைவு அது.

நிறுத்தமும் கணக்கெடுப்பும்

இங்கே முதல் நல்ல முடிவு எடுக்கப்பட்டது: இனி அசல் டேபிளில் எந்தக் கட்டளையும் வேண்டாம். இருக்கும் நிலையிலேயே டம்ப் எடுத்து, வேறு பெயருள்ள தரவுத்தளத்தில் ஏற்றி, அங்கேதான் வேலை. புதிய உறுப்பினர் சேர்க்கை சில நாள் காகிதத்தில் நடந்தது. இரவல் டேபிளில் எண்களும் தேதிகளும் மட்டுமே இருந்ததால் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் தடையின்றித் தொடர்ந்தன.

பழைய டம்ப்பையே முழுதாகத் திரும்ப ஏற்றலாமே என்ற யோசனை எழுந்தது. அப்படிச் செய்தால் அந்த வாரத்து இரவல் கணக்கும் அபராதமும் போய்விடும். முகவரி மாற்றங்கள் எவை என்று காட்டும் நேரக்குறிப் புலமும் டேபிளில் இல்லை. ஆகவே இருப்பதை வகைபிரித்துத் திருத்துவது என்று முடிவானது.

வகைபிரிக்கத் திரையை நம்பக்கூடாது. எழுத்து எண்ணிக்கை தரும் ‘சார்_லெங்த்’, பைட் எண்ணிக்கை தரும் ‘லெங்த்’ இரண்டையும் சேர்த்துக் கேட்டால் போதும். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5. சரியாக இருந்தால் 5 எழுத்து, 15 பைட். லத்தீன்1 புலத்துக்குள் பைட்டாகக் கிடந்தால் 15 எழுத்து, 15 பைட். இருமுறை குறியாக்கப்பட்டிருந்தால் 15 எழுத்து, 30 பைட். கேள்விக்குறி ஆகியிருந்தால் 5 எழுத்து, 5 பைட். க, ங போன்றவை வரும் சொற்களில் மூன்றாம் வகையின் பைட் எண்ணிக்கை இரு மடங்கைக் கொஞ்சம் தாண்டும். மற்றபடி குழப்பமில்லை.

பெயர்ப் புலத்தில் மொத்தம் 3,142 பதிவுகள். இருமுறை குறியாக்கப்பட்டவை 2,874, முழுக்க ஆங்கிலத்தில் இருந்து எந்தப் பாதிப்பும் இல்லாதவை 245, கேள்விக்குறி ஆனவை 14, சரியான தமிழ் 9.

உறுப்பினர் டேபிளைத் திருத்தியது

எஸ்கியூஎல்லிலேயே ஒரே வரியில் செய்யலாம்: புலத்தை லத்தீன்1ஆக மாற்றி, அதை பைனரி ஆக்கி, அதை யூடிஎஃப்8எம்பி4ஆகப் படி. காலி இடங்களை சர்வரே நிரப்பிக்கொள்வதால் புள்ளி, உகரச் சிக்கலும் வராது. ஆயினும் அந்த வழி வேண்டாம் என்று விட்டார்கள். சரியாக இருக்கும் 9 பதிவுகள் அந்தக் கட்டளைக்குள் போனால் கேள்விக்குறியாகிவிடும். நிபந்தனையில் ஒரு சறுக்கல் போதும். பதிவு பதிவாகப் பார்த்து, சந்தேகமானதைத் தொடாமல் ஒதுக்கிவைக்கும் ஸ்கிரிப்ட்தான் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். சரியான முடிவு.

புதிய ஸ்கிரிப்ட் இப்படி நடந்தது. இணைக்கும்போது சார்செட் யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஒவ்வொரு பெயரிலும் 224ஆம் எழுத்தை அடுத்து 174 அல்லது 175 வருகிறதா என்று பார்க்கிறது, இல்லையென்றால் விட்டுவிடுகிறது. 2944 முதல் 3071 வரையிலான எண்ணுள்ள எழுத்து, அதாவது உண்மையான தமிழ் எழுத்து, ஒன்று இருந்தாலும் விட்டுவிடுகிறது. மீதியில் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, எண் 256க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணையே பைட்டாகவும், மேலே இருந்தால் சிபி1252 தரும் பைட்டையும் சேர்க்கிறது. காலி இடச் சிக்கல் இதில் தீர்ந்துவிடுகிறது. வந்த பைட்டுகளை யூடிஎஃப்-8ஆகக் கண்டிப்பான முறையில் படிக்கிறது. புறக்கணிப்பு எதுவும் இல்லை. படிக்க முடியாதது தனிக் கோப்புக்குப் போகிறது.

அப்டேட் கட்டளையில் உறுப்பினர் எண்ணோடு பழைய மதிப்பும் நிபந்தனையாகச் சேர்ந்தது, பைனரி ஒப்பீட்டில். இடையில் யாராவது திருத்தியிருந்தால் அது அழியாமல் இருக்க இந்த ஏற்பாடு. மதிப்புகள், கட்டளையில் அவற்றுக்காக விடும் இடக்குறி வழியாகவே போயின. பைமைஎஸ்கியூஎல்லின் இடக்குறியைச் சுற்றி மேற்கோள் போடுவதும், பைதானின் சதவீதக் குறியால் சரத்தை ஒட்டிவிட்டுப் பின் எக்ஸிகியூட் செய்வதும் பலர் செய்யும் தவறு. மதிப்புகள் எக்ஸிகியூட்டின் இரண்டாவது உள்ளீடாகத்தான் போக வேண்டும்.

நகலில் ஓட்டி, 50 பெயர்களைக் காகித விண்ணப்பங்களோடு ஒப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் இரவு நூலகம் மூடியபின் அசலில் ஓட்டி, எண்ணிக்கை பொருந்தியதைப் பார்த்துவிட்டே கமிட் செய்தார்கள். பெயர்ப் புலத்தின் 2,874ம் திருந்தின.

முகவரிப் புலத்தில் 31 பதிவுகள் தனிக் கோப்புக்குப் போயின. எல்லாமே நீண்ட முகவரிகள். புலத்தின் அளவு லத்தீன்1இல் 100 எழுத்து, அதாவது 100 பைட், அதாவது தமிழுக்கு 33 எழுத்துக்குறிகளும் மீதி ஒரு பைட்டும். பழைய சர்வர் பல ஆண்டுகளாக நீண்ட முகவரிகளை எழுத்தின் நடுவிலேயே வெட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கறுப்பு வைரக் குறி தெரிந்திருக்கும், யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசி ஒன்றிரண்டு அரைகுறை பைட்டுகளை நீக்கி மீதியைத் திருத்தினார்கள்.

புத்தக டேபிள்

இங்கே பைட்டுகள் தொடப்படாமல் இருந்ததால் வழி எளிது: முதலில் புலத்தை வார்பைனரி (வெறும் பைட்டுகள்) ஆக்குவது, பின் வார்சார் (எழுத்துகள்) யூடிஎஃப்8எம்பி4 ஆக்குவது. பைனரியாக ஆகும்போது சர்வர் எழுத்து என்ற எண்ணத்தையே விட்டுவிடுகிறது, அடுத்த படியில் அதே பைட்டுகளை யூடிஎஃப்-8ஆக ஏற்றுக்கொள்கிறது. புலத்தை மாற்றும் ‘மாடிஃபை’ எழுதும்போது நாட் நல் (காலியாக விடக்கூடாது), டீஃபால்ட் (இயல்பு மதிப்பு) எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும், சொல்லாதவை கழன்றுவிடும்.

நகலில் இரண்டு தடைகள் வந்தன. தலைப்புப் புலம் 255 எழுத்து, அதன்மேல் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை). யூடிஎஃப்8எம்பி4இல் எழுத்துக்கு 4 பைட் வீதம் 1,020. மைஐசாமில் இன்டெக்ஸின் எல்லை 1,000 பைட். 1071ஆம் எண் பிழை. எஞ்சினை முதலில் இன்னோடிபி ஆக்கியதும் எல்லை 3,072 ஆகித் தீர்ந்தது. அடுத்து 1366ஆம் எண் பிழை: யாரோ பிஎச்பி மைஅட்மினில் நேரடியாகத் தட்டிய இரண்டு பிரெஞ்சு ஆசிரியர் பெயர்கள் உண்மையான லத்தீன்1 எழுத்தாகவே இருந்தன. அவற்றைக் கையால் மாற்றிவிட்டு ஓட்டினார்கள்.

அதன்பின் மாற்றப்பட்டவை

ஸ்டிரிக்ட் மோடு திரும்ப வந்தது. அதற்குமுன் ‘0000-00-00’ தேதிகள் எல்லாம் நல் (மதிப்பு இல்லை) ஆக்கப்பட்டன. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

இணைப்பு ஒரே கோப்பில் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் அதையே சேர்க்கிறது. சார்செட் இணைப்புச் சரத்திலேயே உண்டு. ‘செட் நேம்ஸ்’ கட்டளையைத் தனியாக ஓட்டினால் சர்வருக்குத் தெரியும், கிளையன்ட் லைப்ரரிக்கு (மென்பொருள் பக்கத்தில் இணைப்பைக் கையாளும் நிரல் தொகுப்பு) தெரியாது, மேற்கோள் குறிகளைக் கையாள்வதில் இரண்டும் முரண்படலாம். மதிப்புகளை பிடிஓவே கட்டளையோடு சேர்த்து அனுப்பும் எமுலேட் பிரிப்பேர்ஸ் அணைக்கப்பட்டது. தேடல் பெட்டியில் வந்ததைச் சரத்தோடு ஒட்டி எழுதியிருந்த கட்டளைகள் அத்தனையும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (கட்டளையும் மதிப்பும் தனித்தனியே போகும் முறை) ஆயின.

மென்பொருள் பயன்படுத்தும் கணக்கிலிருந்து ஆல்டர், டிராப் உரிமைகள் நீக்கப்பட்டன. நான்காம் நாள் அந்த ஆல்டர் ஓடியது அந்தக் கணக்கில்தான்.

‘கொ’ போன்ற எழுத்துகளை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து இரண்டும் வருகின்றன, கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சேமிக்குமுன் பிஎச்பியின் இன்டில் நீட்சியில் உள்ள நார்மலைசர் ஒரே வடிவாக்குகிறது. வரிசைப்படுத்தலைப் பைனரி கொலேஷனில் (பைட் எண்களை மட்டும் பார்க்கும் வரிசை விதி) விடவில்லை. அதில் யூனிகோடு எண் வரிசைதான் வரும்: ன, ப-வுக்கு முன்பும், ற, ல-வுக்கு முன்பும் வந்துவிடும். அகரவரிசை பழகிய நூலகருக்கு அது பிழையான பட்டியல்.

தினமும் இரவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூன்று டேபிள்களிலும் 224–174 ஜோடியையும் தொடர்ந்து வரும் மூன்று கேள்விக்குறிகளையும் தேடுகிறது.

கேள்விக்குறி ஆன 14 பெயர்களும் காகித விண்ணப்பங்களைப் பார்த்து மீண்டும் தட்டப்பட்டன. வெட்டுப்பட்ட 31 முகவரிகளின் மீதிப் பாதி எந்தப் பேக்கப்பிலும் இல்லை, அது ஒருபோதும் தரவுத்தளத்துக்குள் வந்ததில்லை. புலத்தின் அளவு 250 ஆக்கப்பட்டு, அந்த உறுப்பினர்கள் புத்தகம் எடுக்க வரும்போது கேட்டு நிரப்பும்படி அவர்கள் எண்களுக்கு எதிரே ஒரு குறிப்பு வைக்கப்பட்டது. இதுவரை 19 பேரின் முகவரி முழுமையாகியிருக்கிறது.